தொலைந்த எபிசோடுகள்: எந்த ஒலிப்பதிப்பை வாங்குவது?

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் ஆறு சீசன்களில் மொத்தம் 253 எபிசோடுகள். வில்லியம் ஹார்ட்னெல்லும் அவருக்குப் பின் பேட்ரிக் ட்ரௌட்டனும் காலத்தில் பயணிக்கும் டாக்டராக நடித்த கறுப்பு-வெள்ளைக் காலம் அது. காணாமல் போயிருந்த எபிசோடுகளில் ஒன்பது 2013இல் நைஜீரியாவிலிருந்து திரும்பி வந்தன. அதற்குப் பிறகும் 97 எபிசோடுகளின் படம் கிடைக்காமலே இருந்தது. ஆனால் அவற்றில் ஒன்றின் ஒலிகூடத் தொலையவில்லை. வசனம், இசை, காலடிச் சத்தம், கதவு திறக்கும் ஓசை என்று 97 எபிசோடுகளின் ஒலியும் முழுதாக இருக்கிறது.

இந்த ஒலியை வைத்துக் கடந்த முப்பது ஆண்டுகளில் காசெட், சிடி, டவுன்லோடு, இசைத்தட்டு என்று பல பதிப்புகள் வந்துவிட்டன. ஒரே கதைக்கு மூன்று நான்கு வடிவங்கள் உண்டு. பெயர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் அமைந்தவையும் உண்டு. புதிதாக வருபவர் தவறானதை வாங்கி, 'இது நமக்குச் சரிப்படாது' என்று விலகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

ஒலி எப்படித் தப்பியது

அறுபதுகளில் வீடியோ டேப் விலை அதிகம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒருமுறை காட்டி முடித்த நிகழ்ச்சிக்கு மேற்கொண்டு பயனில்லை என்று கருதி, பிபிசி டேப்பை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகளும் விற்பனை உரிமை முடிந்ததும் குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இந்த அழிப்பு நின்றது.

ஒலியைக் காப்பாற்றியவர்கள் பார்வையாளர்கள். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலத்தில், பள்ளிப் பருவ ரசிகர்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் டிவியின் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தார்கள். கிரஹாம் ஸ்ட்ராங் போன்ற ஓரிருவர் டிவிக்குள்ளிருந்தே கம்பி இழுத்து நேரடியாக டேப் ரெக்கார்டரில் இணைத்தார்கள். அப்படி எடுத்த பதிவில் அறைச் சத்தம் ஏறாது. பல வீடுகளிலிருந்து திரட்டிய இந்த டேப்புகளை ஒப்பிட்டு, தேர்ந்து, இரைச்சல் நீக்கி, வெளியிடும் தரத்துக்குக் கொண்டுவந்த பணியில் பெரும்பங்கு ஒலி வல்லுநர் மார்க் அயர்ஸுடையது. நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு பதிப்புக்கும் மூலம் இந்த வீட்டு டேப்புகள்தான்.

வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானது. படம் இல்லாமலே சிவாஜியின் குரலில் ஒரு முழுக்காட்சியைக் கண்டவர்கள் நாம். ஒரு வேறுபாடு உண்டு. ஒலிச்சித்திரத்தைக் கேட்டவர் பிறகு தியேட்டருக்குப் போய்ப் படத்தைப் பார்க்கலாம். இங்கே படம் கிடையாது. ஆகவே படம் செய்யவேண்டிய வேலையை வேறொருவர் செய்தாக வேண்டும். அவர் எப்படிச் செய்கிறார் என்பதில்தான் பதிப்புகள் வேறுபடுகின்றன.

அட்டையில் பார்க்க வேண்டியவை

கடையில் 'டாக்டர் ஹூ', 'லாஸ்ட்', 'ஆடியோ' என்ற மூன்று சொற்களை வைத்துத் தேடினால் குறைந்தது மூன்று வகைகள் வந்து நிற்கும்.

முதல் வகை, அசல் தொலைக்காட்சி ஒலித்தடம். 'ஒரிஜினல் டெலிவிஷன் சவுண்ட்ட்ராக்' என்றோ, 'டிவி சவுண்ட்ட்ராக்' என்றோ அட்டையில் இருக்கும். ஹார்ட்னெல், ட்ரௌட்டன் குரல்களும் அன்று ஒளிபரப்பான அதே இசையும் இதில்தான் கேட்கும். மௌனமாக நடக்கும் காட்சிகளை விளக்க ஒருவர் நடுநடுவே ஓரிரு வரிகள் பேசுவார். அதை இந்த அத்தியாயத்தில் இடையுரை என்று குறிப்பிடுகிறேன். இடையுரையாளர் பெயருக்கு முன்னால் 'நரேட்டட் பை' அல்லது 'லிங்கிங் நரேஷன்' என்று போட்டிருப்பார்கள்.

இரண்டாம் வகை, நாவல் வாசிப்பு. இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை டார்கெட் நிறுவனம் பிற்காலத்தில் சிறு நாவல்களாக வெளியிட்டது. அந்த நாவலை ஒரு நடிகர் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கும் ஆடியோபுக் இது. 'ரெட் பை' என்று இருந்தால் இந்த வகை. தன்னளவில் நல்லவைதான். ஆனால் 1960களின் நடிப்பு இதில் கிடையாது.

மூன்றாம் வகை, பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் 'தி லாஸ்ட் ஸ்டோரீஸ்' வரிசை. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் இங்கேதான் அதிகம். தொலைக்காட்சிக்காக எழுதப்பட்டு, படமாக்கப்படாமலே போன கதைகளை இந்த நிறுவனம் 2009 முதல் புதிய ஒலி நாடகங்களாகத் தயாரித்தது. அழிந்த எபிசோடுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

தொலைந்த எபிசோடைத் தேடி வந்தவர் முதல் வகையை மட்டும் வாங்குங்கள். பிபிசி தன் ஒலித்தடங்களைத் தொகுத்து 'தி லாஸ்ட் டிவி எபிசோட்ஸ்' என்ற பெயரில் ஐந்து பெட்டிகளாக வெளியிட்டது. அந்தப் பெயரில் 'டிவி' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். 'லாஸ்ட் ஸ்டோரீஸ்' பெட்டியில் அந்தச் சொல் இருக்காது.

யார் இடையுரை சொல்கிறார்?

1992இல் பிபிசி முதன்முதலில் காசெட்டுகளாக வெளியிட்டபோது, பின்னாளில் டாக்டராக நடித்தவர்களை அழைத்துப் பேசவைத்தது. 'தி ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்' கதைக்கு டாம் பேக்கர், 'தி மக்ரா டெரர்' கதைக்குக் கொலின் பேக்கர். டாக்டரே தன் பழைய நாள்களை நினைவுகூர்வதுபோல எழுதப்பட்ட உரை அது. டாம் பேக்கரின் குரல் கம்பீரமானது, சந்தேகமில்லை. ஆனால் ட்ரௌட்டன் டாக்டராகப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டாக்டரும் 'நான்' என்று பேசுவது முதல்முறை கேட்பவரைக் குழப்பும்.

1999 முதல் வந்த சிடிகளில் முறை மாறியது. அந்தந்தக் கதையில் பயணத் துணையாக நடித்தவர்களே இடையுரை சொன்னார்கள். 'தி க்ரூசேட்', 'மார்கோ போலோ' ஆகியவற்றுக்கு இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸல். 'தி மசாகர்', 'தி மித் மேக்கர்ஸ்', 'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' ஆகியவற்றுக்கு ஸ்டீவனாக நடித்த பீட்டர் பர்வெஸ். 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதைக்கு பாலியாக நடித்த அனேக்கே வில்ஸ். ட்ரௌட்டன் காலக் கதைகள் பலவற்றுக்கு ஜேமியாக நடித்த ஃப்ரேஸர் ஹைன்ஸ். இவர்கள் படர்க்கையில், சுருக்கமாக, வசனத்தின்மேல் ஏறாமல் பேசுகிறார்கள். அந்தத் தளத்தில் நின்று நடித்தவர்களின் குரல் என்பதால் ஒரு நெருக்கமும் வந்துவிடுகிறது.

ஒரே கதைக்கு 1990களின் காசெட் பதிப்பும் பிற்கால சிடி பதிப்பும் கிடைத்தால், யோசிக்காமல் பிற்காலப் பதிப்பை எடுங்கள். ஒலியைச் சுத்தம் செய்யும் தொழில்நுட்பமும் இடைப்பட்ட ஆண்டுகளில் நன்கு முன்னேறியிருந்தது.

இடையுரையே இல்லாமல் வெறும் ஒலித்தடம் கேட்டால் போதாதா என்று தூய்மைவாதிகள் கேட்பதுண்டு. 1968இல் வந்த 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' கதையில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஓக், க்வில் என்ற இருவர் ஒரு பெண்ணின் படுக்கையறைக்குள் வருகிறார்கள். ஒல்லியாக உயர்ந்த ஒருவர், குட்டையாகப் பருத்த ஒருவர். பேச்சு நிற்கிறது. இருவரும் மெல்ல வாயைத் திறந்து நச்சுக்காற்றை ஊதுகிறார்கள். அவள் மூச்சுத்திணறிச் சாய்கிறாள். தொடரின் மிகக் கொடூரமான காட்சிகளில் இது ஒன்று. ஆஸ்திரேலியத் தணிக்கைக் குழு பயந்து வெட்டிய துண்டுகள் அங்கே பத்திரமாக இருந்ததால் இதன் படம் தப்பியது. படம் இல்லாமல் ஒலியை மட்டும் கேட்டால், சீறலும் இசையும் தவிர எதுவும் புரியாது. ஃப்ரேஸர் ஹைன்ஸின் இரண்டு வாக்கியங்கள் வந்ததும் முழுக்காட்சியும் கண்முன் வருகிறது. முதல்முறை கேட்பவருக்கு இடையுரை கட்டாயம் தேவை. கதை தெரிந்த பிறகு வேண்டுமானால் இடையுரை இல்லாத வடிவத்தைத் தேடிப் போகலாம்.

காதுக்கென்றே அமைந்த கதைகள்

எல்லாத் தொலைந்த கதைகளும் ஒலியில் ஒரே அளவுக்கு நிற்பதில்லை. எந்தக் கதையில் வசனம் வேலை செய்கிறதோ, எந்தக் கதையில் ஒலியே ஒரு பாத்திரமாகிறதோ, அதை முதலில் எடுக்க வேண்டும்.

மார்கோ போலோ (1964, ஏழு எபிசோடுகள்). ஜான் லூகரோட்டி எழுதியது. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்தவர் என்று நமக்கு அறிமுகமான அதே மார்கோ போலோ, டாக்டரின் கூட்டத்தோடு பாலைவனம் கடந்து குப்லாய் கானின் அரசவைக்குப் போகிறார். இந்தக் கதைக்குள்ளேயே ஒரு கதைசொல்லி இருக்கிறார் என்பது நமக்கு வசதி. மார்கோ போலோவாக நடித்த மார்க் ஈடன் தன் பயணக் குறிப்பேட்டை வாசிக்க, திரையில் வரைபடம் ஓடும். அதனால் ஊர் மாறுவதும் நாள் கடப்பதும் அசல் ஒலியிலேயே தெளிவாகின்றன. டிரிஸ்ட்ரம் கேரியின் இசை கூடுதல் பலம்.

தி மசாகர் (1966, நான்கு எபிசோடுகள்). 1572இல் பாரிஸில் புராட்டஸ்டண்டுகள் கொல்லப்பட்ட நிகழ்வு. தொடரின் மற்றப் பல கதைகளுக்கு ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் டிவித் திரையிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. இந்தக் கதைக்கு அதுவும் இல்லை. ஹார்ட்னெல் இதில் டாக்டராகவும் அம்புவாஸ் மடாதிபதியாகவும் இரட்டை வேடம். மடாதிபதியைப் பார்த்த ஸ்டீவன், டாக்டர்தான் மாறுவேடத்தில் நடிக்கிறார் என்று நம்புகிறான். கேட்கும் நமக்கும் குரல் ஒன்றுதான் ஆதாரம். டாக்டரின் தடுமாற்றமும் செருமலும் மடாதிபதியிடம் இல்லை. வெட்டி வெட்டி, அதிகாரமாகப் பேசுகிறார். அவரா, இவரா என்று ஸ்டீவன் தவிக்கும்போது நாமும் அதே தவிப்பில் இருக்கிறோம். இறுதி எபிசோடில் எல்லோரும் பிரிந்துபோன பின் டாக்டர் தனியே நின்று பேசும் நீண்ட பேச்சு, ஹார்ட்னெல்லின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று.

தி மித் மேக்கர்ஸ் (1965, நான்கு எபிசோடுகள்). டிராய் போரை நகைச்சுவையாகச் சொல்லும் டொனால்டு காட்டனின் எழுத்து. அரசர்கள் ஒருவரையொருவர் சீண்டும் வசனங்களே இதன் உயிர். மாக்ஸ் அட்ரியன் பிரியாம் மன்னனாகப் பேசும் ஒவ்வொரு வரியும் சுவை. கடைசி எபிசோடில் நகைச்சுவை திடீரென்று ரத்தமாக மாறுவதும் ஒலியில் நன்றாகவே உறைக்கிறது.

தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ் (1966, ஆறு எபிசோடுகள்). ட்ரௌட்டனின் முதல் கதை. ஒரு குடியேற்றத்தில் கண்டெடுக்கப்பட்ட டாலெக்குகள், தாங்கள் மனிதருக்கு ஊழியர்கள் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே பெருகுகின்றன. கொல்லும் இயந்திரத்தின் குரலில் அந்தப் பணிவைக் கேட்பது பார்ப்பதைவிடப் பயங்கரம். விஞ்ஞானி லெஸ்டர்சனாக வரும் ராபர்ட் ஜேம்ஸின் குரல் பெருமிதத்தில் தொடங்கி, சந்தேகத்தில் நடுங்கி, பைத்தியத்தில் முடிவதை மட்டும் பின்தொடர்ந்தாலே இந்தக் கதை மனதில் நிற்கும்.

ஃப்யூரி ஃப்ரம் தி டீப் (1968, ஆறு எபிசோடுகள்). கடலடி எரிவாயுக் குழாய்க்குள் ஏதோ ஒன்று இதயம்போலத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு கதை முழுதும் பின்னணியில் வந்துகொண்டே இருக்கும். எதிரியை வீழ்த்துவதும் ஒலிதான். பயணத் துணை விக்டோரியாவின் அலறலைப் பதிவு செய்து, பெருக்கி, ஆயுதமாக்குகிறார் டாக்டர். ஒலியாக மட்டுமே எஞ்சிய தொடரில் ஒலியாலேயே முடியும் கதை இது.

தி மக்ரா டெரர் (1967, நான்கு எபிசோடுகள்). எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும்படி கட்டளையிடும் ஒரு குடியேற்றம். விளம்பரப் பாட்டுபோல ஒலிக்கும் உற்சாகக் கீதங்களும், இரவில் தூங்குபவர் காதில் ஓதப்படும் குரலும் ஒலிப்பதிப்பில் இன்னும் கூர்மையாகின்றன.

தள்ளிவைக்க வேண்டியவை

மோசமான கதைகள் என்பதற்காகச் சொல்லவில்லை. தொடக்கத்தில் எடுத்தால் ஒலிப்பதிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'தி செலஸ்டியல் டாய்மேக்கர்' முழுக்க முழுக்க விளையாட்டுகளால் ஆனது. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், எந்த நாற்காலியில் உட்கார்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பதற்றம் வரும். பீட்டர் பர்வெஸ் ஓயாமல் விளக்க வேண்டியிருக்கிறது. 'தி வீல் இன் ஸ்பேஸ்' கதையின் முதல் எபிசோடில் டாக்டரும் ஜேமியும் ஆளில்லாத விண்கலத்தில் அலைகிறார்கள். பேச்சு மிகக் குறைவு. 'தி ஸ்பேஸ் பைரேட்ஸ்' கதையில் விண்கலங்களின் மாடல் காட்சிகள் நீளமானவை. டாக்டர் வந்து சேர்வதற்கே நேரமாகிறது. ஐந்தாறு கதைகள் கேட்டுக் காது பழகிய பிறகு இவற்றுக்கு வரலாம்.

'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' தனி ரகம். பன்னிரண்டு எபிசோடுகள். இதன் முன்கதையான 'மிஷன் டு தி அன்னோன்' எபிசோடையும் சிடி தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கெவின் ஸ்டோனியின் மாவிக் சென் போல ஒரு வில்லன் குரல் தொடரில் அரிது. கதை மாபெரும் கதை, ஆனால் நீளம் அதிகம். இரண்டு சிறிய கதைகளைக் கேட்டு முடித்தபின் இதைத் தொடங்குங்கள்.

அனிமேஷன் வந்துவிட்டதே?

2016இல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' முழு அனிமேஷனாக வந்தது. தொடர்ந்து 'தி மக்ரா டெரர்', 'தி ஃபேஸ்லெஸ் ஒன்ஸ்', 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்', 'தி ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்', 'கேலக்ஸி 4', 'தி அபாமினபிள் ஸ்னோமென்', 'தி அண்டர்வாட்டர் மெனேஸ்', 'தி செலஸ்டியல் டாய்மேக்கர்' என்று 2024 வரை பல கதைகள் அனிமேஷன் வடிவம் பெற்றன. இவற்றின் ஒலியும் அதே வீட்டு டேப்புகளிலிருந்து வந்ததுதான்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். காட்சி சார்ந்த கதைக்கு அனிமேஷன், பேச்சு சார்ந்த கதைக்கு ஒலி. 'செலஸ்டியல் டாய்மேக்கர்' அனிமேஷனாகவே பார்க்கத் தக்கது. 'மார்கோ போலோ', 'தி மசாகர்', 'தி மித் மேக்கர்ஸ்' ஆகியவை மேற்சொன்ன பட்டியலில் இல்லை. அவற்றுக்கு ஒலிப்பதிப்புதான் வாசல்.

அனிமேஷனில் ஓவியர் தன் கற்பனையைச் சேர்க்கிறார். முகபாவம், அசைவு, கேமரா கோணம் எல்லாம் இன்றைய முடிவுகள். ஒலிப்பதிப்பில் கேட்பவை 1960களில் ஒளிபரப்பான அதே நடிப்பு. இடையுரையைத் தவிர புதிதாக எதுவும் சேர்வதில்லை.

சிறு விலக்குகள் உண்டு. 'தி ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்' முதல் எபிசோடில் ஒரு காபிக் கடைக் காட்சியில் பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒலித்தது. உரிமைச் சிக்கலால் விற்பனைப் பதிப்பில் அந்த இடத்துக்கு வேறு பாட்டு வந்தது.

எந்த வடிவில் வாங்குவது

பழைய தனி சிடிகள் பலவும் அச்சில் இல்லை. பயன்படுத்திய பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை சொல்வார்கள். கேட்பதுதான் நோக்கம் என்றால் டவுன்லோடு போதும். ஒலி அதே ஒலிதான். வாங்குமுன் மாதிரித் துணுக்கைக் கேட்டுப் பாருங்கள். தலைப்பு இசை முடிந்து நடிகர்கள் பேசத் தொடங்கினால் சரியானது. ஒரே ஒருவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போனால் அது நாவல்.

டெமன் ரெக்கார்ட்ஸ் வெளியிடும் இசைத்தட்டுகள் அழகானவை. பெரிய அட்டை, வண்ணத் தட்டு. சேகரிப்பதற்கு நல்ல பொருள். ஆனால் 25 நிமிட எபிசோடை ஒரு பக்கத்தில் கேட்டு, எழுந்து திருப்பிப் போடும் பொறுமை வேண்டும். மூலப்பதிவு மோனோ என்பதால் இசைத்தட்டில் கேட்பதால் ஒலி பெரிதாக உயர்ந்துவிடாது.

எப்படிக் கேட்பது

ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு போதும். வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை இவை. ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடியில் முடியும். ஒரு கதையின் எல்லா எபிசோடுகளையும் ஒரே மூச்சில் கேட்டால் அந்த நெருக்கடிகள் வெறும் இடைஞ்சலாகத் தோன்றும்.

தொடங்குமுன் பாத்திரங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருடைய குரல் எது என்று பிடிபட முதல் பத்து நிமிடம் ஆகும். 'தி மசாகர்' போன்ற கதைகளில் பிரெஞ்சுப் பிரபுக்களின் பெயர்கள் வரிசையாக வரும்போது அந்தத் தாள் பெரிய உதவி. அக்காலப் பிரிட்டிஷ் நடிகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். உச்சரிப்பு தெளிவாக இருக்கும். நம் காதுக்கு இன்றைய ஆங்கிலத் தொடர்களைவிட எளிதாகவே புரியும்.

இயர்போனில் கேட்டால் டேப்பின் இரைச்சல் கூடுதலாகத் தெரியும். ஒரு நல்ல சிறிய ஸ்பீக்கரில், அமைதியான அறையில், மிதமான ஒலியில் கேட்பதே சிறந்தது. விரைவுபடுத்திக் கேட்காதீர்கள். ட்ரௌட்டன் ஒரு பதிலுக்கு முன் விடும் இடைவெளியில்தான் அவருடைய நடிப்பு இருக்கிறது.

பின்னணி ஒலிகளுக்கும் காது கொடுங்கள். டெலியா டெர்பிஷயர் டேப் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய தலைப்பு இசை, பிரையன் ஹாட்ஜ்சன் பியானோக் கம்பியைச் சாவியால் சுரண்டி உருவாக்கிய, டாக்டரின் கலமான டார்டிஸின் ஓசை. பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறையின் இந்த உழைப்பு, படம் இல்லாதபோது முன்னுக்கு வந்து நிற்கிறது.

எதில் தொடங்குவது

சரித்திரமும் வசனமும் பிடிக்கும் என்றால் பீட்டர் பர்வெஸ் இடையுரையுடன் 'தி மசாகர்'. நான்கே எபிசோடுகள், நான்கு மாலைகள். அறிவியல் புனைவும் திகிலும் வேண்டும் என்றால் அனேக்கே வில்ஸ் இடையுரையுடன் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்'. நீண்ட பயணத்துக்குத் தயார் என்றால் வில்லியம் ரஸ்ஸல் இடையுரையுடன் 'மார்கோ போலோ'. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்ட பிறகு அடுத்தது என்ன என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

தொலைந்த படம் என்றாவது ஓர் அலமாரியிலிருந்து வெளிவரலாம். 2011இலும் 2013இலும் வந்தது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஹார்ட்னெல்லும் ட்ரௌட்டனும் பேசிய ஒவ்வொரு சொல்லும் இன்றே கேட்கக் கிடைக்கிறது. அட்டையில் 'டிவி சவுண்ட்ட்ராக்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.